மண்மேடு ஏன் சரிகிறது?

மாணவர்களே! சுரங்கம் தோண்டி, தொழிற்சாலை கட்டி, ஊரை வளர்க்கும் கணினி விளையாட்டுகளை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். 'கேப்டன் ஆஃப் இண்டஸ்ட்ரி' அவற்றுள் ஒன்று. அதில் எந்திரம் மண்ணைத் தோண்டும். லாரிகள் அதை எடுத்துச் சென்று கொட்டும். கொட்டிய மண் சுவர்போல் நிற்காது, சரிந்து பரவும். பல்லடம், காரணம்பேட்டைப் பகுதிகளில் உள்ள கிரஷர்களிலும் இதையே காணலாம். ஜல்லியை எவ்வளவு கொட்டினாலும் அது கூம்பு வடிவில்தான் குவிகிறது. காரணம் என்ன?

ஒரு சோதனை

செய்தித்தாள் ஒன்றை விரித்து, உலர்ந்த மணலை ஒரே இடத்தில் மெல்லக் கொட்டுங்கள். குவியலின் உயரத்தையும், அடிவட்டத்தின் ஆரத்தையும் அளந்து கொள்ளுங்கள். உயரம் 20 செ.மீ., ஆரம் 30 செ.மீ. எனக் கொள்வோம். உயரத்தை ஆரத்தால் வகுத்தால் 0.67 கிடைக்கும். இது சாய்வுக் கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பு. கோணம் ஏறத்தாழ 34 டிகிரி. இன்னும் மணலைக் கொட்டுங்கள். குவியல் பெரிதாகும்; கோணம் ஏறக்குறைய மாறாது. இதுவே சறுக்குக் கோணம் எனப்படும்.

சரிவில் உள்ள ஒரு மணலைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. உராய்வு அதைத் தடுக்கிறது. எடை கூடினால் இழுப்பும் கூடும், உராய்வும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே சிறு குவியலுக்கும் பெருங்குவியலுக்கும் கோணம் ஒன்றே. வீட்டோரப் புழுதியில் குழியானைப் பூச்சி அமைக்கும் குழியின் சரிவும் இக்கோணத்தை ஒட்டியதே. எறும்பு கால் வைத்ததும் மணல் சரிந்து, அது உள்ளே விழுகிறது.

தோண்டிய மண் பெருகும்

தோண்டிய மண்ணை அதே குழியில் கொட்டினால் மிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். துகள்களுக்கிடையே காற்று புகுவதால் மண்ணின் பருமன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுகிறது. வெடிவைத்துத் தகர்த்த கருங்கல்லோ ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது.

நெய்வேலியில் 1961-ஆம் ஆண்டு முதன்முதலில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அங்கு ஒரு டன் நிலக்கரி எடுக்கப் பல கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். முதலில் தோண்டிய மண்ணுக்குச் சுரங்கத்தில் இடமில்லை. வெளியேதான் மலைபோல் குவிக்க வேண்டும். சுரங்கம் முன்னேறிய பின், நிலக்கரி எடுத்த பள்ளத்திலேயே மண்ணை நிரப்புகின்றனர். இம்மேடுகளைப் படிப்படியாக, சரிவு குறைத்து அமைப்பதற்குச் சறுக்குக் கோணமே காரணம்.

நீர் வந்தால்?

சற்றே ஈரமான மணலில் வீடு கட்டலாம். நீரின் பரப்பு இழுவிசை துகள்களைப் பிணைக்கிறது. ஆனால் இடைவெளி முழுவதும் நீர் நிரம்பிவிட்டால், நீரின் அழுத்தம் துகள்களை விலக்கித் தள்ளும். உராய்வு குறையும். மேடு குழம்பாகி ஓடும்.

வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் என்னும் ஊரில், நிலக்கரிச் சுரங்கக் கழிவை மலைச்சரிவில், நீரூற்றின் மேலேயே கொட்டி வந்தனர். 1966 அக்டோபர் 21 அன்று காலை, நீரில் ஊறிய மேடு சரிந்து பள்ளியின்மேல் பாய்ந்தது. மாண்டவர் 144 பேர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள். இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று விசாரணை மன்றம் 1967-இல் கூறியது.

நம் ஊர்ப் பாறைக்குழிகள்

ஜல்லி சரிகிறது, அதே கல்லை வெட்டி எடுத்த பாறைக்குழியின் சுவர் மட்டும் ஏன் செங்குத்தாக நிற்கிறது? உடையாத பாறையை உராய்வு தாங்கவில்லை. அதன் கனிமங்களின் பிணைப்பு தாங்குகிறது. வெட்டிய கல் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் ஊரெங்கும் கட்டடங்களுக்குச் சென்றுவிட்டதால், குழியை நிரப்ப மண் மிஞ்சுவதில்லை. அதில் மழைநீர் தேங்குகிறது. குளத்திற்குச் சாய்வான கரை உண்டு, பாறைக்குழிக்கு இல்லை. ஓரத்திலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் ஆழம். ஏறிவரப் பிடிமானம் கிடையாது. நன்கு நீந்தத் தெரிந்தவரும் அங்கே திணறுவர்.

எனவே மாணவர்களே, கொட்டிய மேட்டின் அடியில் விளையாடாதீர்கள். பாறைக்குழியில் குளிக்க இறங்காதீர்கள். கணினியில் மேடு சரிந்தால் ஆட்டத்தை மீண்டும் தொடங்கலாம். நிலத்தில் அவ்வாறு இயலாது.

செய்து பாருங்கள்: கேழ்வரகு, அரிசி, கல் உப்பு ஆகியவற்றின் சறுக்குக் கோணங்களை அளந்து ஒப்பிடுங்கள். உருண்டையான மணிக்கும் கூர்மையான மணிக்கும் வேறுபாடு உண்டா?