மாந்தோப்புக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே டயர்: பிக்அப் வைத்திருப்பவர்களுக்கு

பிக்அப் வண்டியும் அதற்கான டயரும் ஒரே மாவட்டத்தில் தயாராகும் இடங்கள் நம் நாட்டில் அதிகம் இல்லை. திருப்பதி மாவட்டம் அப்படிப்பட்டது. ஸ்ரீசிட்டியில் 2016 ஏப்ரலில் திறக்கப்பட்ட தொழிற்சாலையில் இசுஸு நிறுவனம் டி-மேக்ஸ் வண்டிகளைத் தயாரிக்கிறது. பக்கத்திலேயே வரதய்யபாளையம் மண்டலத்துச் சின்னப்பாண்டூரில் அப்போலோவின் டயர் ஆலை 2020-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆனாலும் சித்தூர், திருப்பதி டயர் கடைகளில் அதிகம் கேட்கும் வாசகம் இதுதான்: "அண்ணா, பார்க்க நல்லா முரட்டு டயரா காட்டுங்க."

பார்வையை வைத்து டயர் வாங்குவதுதான் இந்தப் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு. வண்டி தோப்பில் சிக்கினால் ஒரு டிராக்டரைக் கூப்பிட்டு இழுத்துவிடலாம். மே மாத வெயிலில் முழு லோடோடு போகும்போது டயர் வெடித்தால் கூப்பிட யாரும் இல்லை. எனவே முதலில் தார் ரோடு, லோடு, வெயில் ஆகிய மூன்றையும் தாங்கும் டயராகப் பாருங்கள். சேறும் கல்லும் அதற்கு அடுத்துதான்.

முதலில் ஓட்டத்தைக் கணக்கெடுங்கள்

ஒரு மாத ஓட்டத்தை ஒரு தாளில் எழுதுங்கள். நெடுஞ்சாலை எவ்வளவு, கிராமத்துத் தார் ரோடு எவ்வளவு, மண் பாதையும் தோப்பும் எவ்வளவு, குவாரிக் கல் பாதை எவ்வளவு என்று கிலோமீட்டரில் எழுத வேண்டும். பங்காருபாளையத்துத் தோப்பிலிருந்து சித்தூர் மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றுபவருக்கு ஒரு நடையில் மண் பாதை முழுதாக 3 கிலோமீட்டர்கூட வராது, மீதி எல்லாம் தார்தான். மதனப்பள்ளி மண்டியிலிருந்து தக்காளி எடுத்து வேலூர், சென்னைப் பக்கம் இறக்குபவருக்கு மண் பாதையே இல்லை என்று சொல்லலாம். குப்பம் பக்கம் கிரானைட் குவாரிக்குள் தினமும் போய்வருபவர் கதை வேறு. தலக்கோனா பக்கம் மலையடிவார நிலத்துக்குப் போகும் ஃபோர்-வீல் வண்டிக்காரர் கதை இன்னும் வேறு.

மண், கல் பாதை மொத்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவு என்றால் உங்களுக்குத் தேவை சாலை டயர். பத்தில் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை என்றால் இரண்டுக்கும் பொதுவான ஏ.டி. டயர். பாதிக்கு மேல் என்றால்தான் எம்.டி. எனப்படும் சேற்று டயரைப் பற்றி யோசிக்கவே வேண்டும். இது என் கணக்கு. சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் இதிலிருந்து விலக ஒரு காரணம் இருக்க வேண்டும்.

லோடு எண்: இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்

டயரின் பக்கச் சுவரில் 245/70 ஆர் 16 111 எஸ் என்பதுபோல் ஒரு வரி அச்சாகியிருக்கும். 245 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்றால் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம். 16 என்பது அங்குலத்தில் ரிம் அளவு. இவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். அடுத்து வரும் 111-ஐப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. 104 என்றால் 900 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ, 111 என்றால் 1,090 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ, 116 என்றால் 1,250 கிலோ. கடைசியில் வரும் எழுத்து வேகத்துக்கானது. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், கியூ என்றால் 160. பிக்அப்புக்குக் கியூவே தாராளம். 112/110 என்று இரண்டு எண் இருந்தால் முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஒரு பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம் போடும் வண்டிகளுக்கானது.

இப்போது ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அதில் லோடோடு சேர்த்த மொத்த எடை இருக்கும். அது 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முழு லோடில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 2,000 கிலோ, பின் அச்சில் உட்காரும். ஒரு பின் டயருக்கு 1,000 கிலோ. ஆகவே 108 என்பதே கடைசி எல்லை. பள்ளத்தில் ஒரு பக்கம் சாயும்போதும் வளைவிலும் அந்தப் பக்கத்து டயர் மேல் இன்னும் எடை ஏறும் என்பதால் 112-ஐக் கேட்டு வாங்க வேண்டும். இதே வண்டிக்கு, "அளவு ஒண்ணுதானே" என்று கார் வகையில் 104 எண்ணுள்ள டயரை மாட்டினால், அனுமதித்த லோடு ஏற்றும்போதே ஒவ்வொரு பின் டயரும் 100 கிலோ கூடுதலாகச் சுமக்கும். மாங்காய் சீசனில் பலகை கட்டி உயர்த்தி எவ்வளவு ஏற்றுகிறோம் என்பது நமக்கே தெரியும்.

லோடு வண்டிக்காரர்கள் எல்.டி. அல்லது சி என்று குறித்த வணிக வகை டயரையே வாங்க வேண்டும். இவற்றில் 8 பி.ஆர். என்பதுபோல் அடுக்கு வலிமையும் போட்டிருக்கும். கார் வகை டயரைவிட இவற்றுக்குக் காற்று அதிகம் பிடிக்க வேண்டும், வெறும் வண்டியில் குலுக்கலும் கூடும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு வி-கிராஸ், ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள், பின்னால் இருநூறு முந்நூறு கிலோவுக்கு மேல் ஏற்றாதவர்கள் என்றால், கம்பெனி கொடுத்த லோடு எண்ணுக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

அளவை ஏற்றும் ஆசை

245/70 ஆர் 16 டயரின் மொத்த விட்டம் சுமார் 749 மி.மீ. அதே ரிம்மில் 255/70 போட்டால் 763 மி.மீ., ஏறக்குறைய 2 சதவீதம் கூடுதல். 265/70 போட்டால் 777 மி.மீ., கிட்டத்தட்ட 4 சதவீதம். விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டர் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், ஏற்றத்தில் இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டில் உரசும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் வடிவமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. உங்கள் மாடலுக்குக் கம்பெனி அனுமதித்த அளவுகள் டிரைவர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருக்கும். அதைத் தாண்ட வேண்டாம். விட்டம் இவ்வளவு கூடினாலும் தோப்பில் வண்டிக்கும் தரைக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டர்கூட ஏறாது, ஏனென்றால் கூடும் விட்டத்தில் பாதிதான் வண்டியைத் தூக்கும்.

பட்டன் எப்படி இருக்க வேண்டும்

சாலை டயரில் நீளவாக்கில் கோடுகள் ஓடும். சத்தம் குறைவு, தேய்மானம் குறைவு, டீசல் செலவும் குறைவு. எம்.டி.யில் பெரிய பட்டன்களும் அகலமான இடைவெளிகளும் இருக்கும். சேறு அந்த இடைவெளி வழியாக வெளியேறும். ஆனால் தார் ரோட்டில் பதியும் ரப்பர் குறைவு என்பதால் மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். பலமநேரிலிருந்து மொகிலி கணவாய் வழியாகச் சித்தூருக்கு லோடோடு இறங்குபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன் டயருக்குத் தள்ளப்படும், பிரேக்கின் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறும். பாகராபேட்டை கணவாயிலும் இதே நிலைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இந்த வளைவுகள் ஈரமாகவே கிடக்கும்.

அதனால் இங்கே கலப்பு ஓட்டம் உள்ள பெரும்பாலோருக்கு ஏ.டி.தான் சரி. அப்போலோ ஆப்டெரா ஏ.டி.2, எம்.ஆர்.எஃப். வாண்டரர், ஜே.கே. ரேஞ்சர், சியட் கிராஸ்டிரைவ், யோகோஹாமா ஜியோலாண்டர் எனப் பல கிடைக்கின்றன. ஒரே பெயரில் சாலை வகையும் ஏ.டி. வகையும் இருக்கலாம் என்பதால் வகையைச் சொல்லிக் கேளுங்கள். பெயரைவிட, கடையில் டயரைக் கையில் எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள்.

பட்டன்களின் முகத்தில் மெல்லிய கீற்றுகள் நிறைய இருக்கின்றனவா? ஈரத் தாரில் பிடிப்பு தருவது அவைதான். இரண்டு பட்டன்களுக்கு நடுவே, பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கின்றனவா? சிக்கிய கல்லை வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. உடைகல் பாதையில் ஓடுபவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் சிக்கிய கூர்க்கல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே துளைத்துக் கம்பிப் பட்டை வரை போய்விடும். மூன்றாவது, தோள் பகுதி. பட்டன் பக்கச் சுவர் மேல் கொஞ்சம் இறங்கி வந்திருந்தால் கல் கிழிப்புக்கு ஒரு கவசம். கிரானைட் சில்லு கிழிப்பது பெரும்பாலும் பக்கச் சுவரைத்தான், அந்தக் கிழிசலுக்குப் பஞ்சர் போட முடியாது.

கருவேல முள்ளுக்கு எந்தப் பட்டனும் முழுப் பாதுகாப்பு இல்லை. டியூப்லெஸ் என்றால் முள் குத்தினாலும் காற்று மெதுவாக இறங்கும், கடை வரை வந்துவிடலாம்.

மழை பெய்த செம்மண்ணில் பிக்அப் வழுக்குவதற்கு டயரைவிட முக்கியக் காரணம், வெறும் வண்டியில் பின்பக்கம் எடை இல்லாததுதான். தொட்டியில் நான்கு மணல் மூட்டையைக் கட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வழுக்கினால் டயரை மாற்ற யோசிக்கலாம்.

கடையில்

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டயரைத் தொட வேண்டாம். அடுத்து தேதி. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சில டயர்களில் ஒரு பக்கம்தான் இது இருக்கும், புரட்டிப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் வேறு கேட்கலாம், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லலாம். டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைச் சரிபாருங்கள். டயரின் வரிசை எண்ணும் பில்லில் இருந்தால்தான் பின்னால் வாரண்டி கேட்க முடியும்.

ஒரே அச்சில் இரண்டு வகை டயர் கூடாது. இரண்டு மட்டும் வாங்குவதானால் புதியது பின்னால் போக வேண்டும். ஈரத்தில் பின் சக்கரம் பிடிப்பை இழந்தால் வண்டி சுழன்றுவிடும். ஃபோர்-வீல் வண்டி என்றால் நான்கும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கியர் அமைப்பில் இறுக்கம் ஏறும். வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பாலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அன்றே முடியட்டும். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும், 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். ரீட்ரெட் செய்த டயரை முன்னால் போடாதீர்கள்.

காற்று

நல்ல டயரைக் கெடுப்பது குறைந்த காற்று. காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடிந்து நிமிரும், அந்த மடிப்பில் சூடு பிறக்கும், சூட்டில் உள் அடுக்குகள் பிரியும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் தார் இன்னும் சூடாக இருக்கும்போது இது வேகமாக நடக்கும். காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 2 பி.எஸ்.ஐ. ஏறும். ஓடிச் சூடான டயரில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடுவது ஆபத்து. லோடுக்கு ஓர் அளவு, வெறும் வண்டிக்கு ஓர் அளவு என்று ஸ்டிக்கரில் இரண்டு எண் இருக்கும், இரண்டையும் கடைப்பிடியுங்கள்.

மணலிலும் சேற்றிலும் லோடு இல்லாத ஃபோர்-வீல் வண்டிக்கு 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் பரந்து பதியும். கல் பாதையில் அப்படி இறக்கினால் பக்கச் சுவர் கிழியும். தார் ஏறுவதற்கு முன் மீண்டும் காற்று பிடித்தாக வேண்டும் என்பதால், 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று கையில் இல்லாதவர்கள் காற்றை இறக்கவே வேண்டாம்.

8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள். ஸ்டெப்னியும் அதே அளவில், அதே லோடு எண்ணில் இருக்கட்டும், அதற்கும் மாதம் ஒருமுறை காற்று பாருங்கள். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கணவாயில் இறங்குபவர்கள் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆழம் இருந்தாலும் ஐந்து வயதைத் தாண்டிய டயரைப் பக்கச் சுவர் வெடிப்புக்காகப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வண்டி முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். டயரைத் தினமும் பார்ப்பவர் டிரைவர், பணம் கொடுப்பவர் நீங்கள். "டயர் மொட்டை ஆயிடுச்சு" என்று அவர் வந்து நின்றால், சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மாங்காய் சீசனில்தான் லோடும் அதிகம், வெயிலும் அதிகம். புது டயரைச் சீசன் தொடங்குவதற்கு முன்பே, ஏப்ரலிலேயே மாட்டிவிடுங்கள்.