வஸ்வாஸும் நாலு நாள் சிகிச்சையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நற்பிட்டிமுனையிலும் கல்முனையிலும் ஒருவர் வுழூச் செய்ய அரை மணித்தியாலம் எடுத்தால், "அவருக்கு வஸ்வாஸ்" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அவரைப் பிடித்திருப்பது ஓசிடி என்ற உளநோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ஊரில் உலவும் சில நம்பிக்கைகள்தான் அவரை வைத்தியரிடம் போகவிடுவதில்லை.

நம்பிக்கை: ஈமான் குறைந்தவருக்குத்தான் இது வரும். ஓதிப் பார்த்தால் போய்விடும்.

உண்மை: தொழுகையில் அக்கறை உள்ளவரைத்தான் இந்த நோய் தொழுகையில் பிடிக்கிறது. இமாம் ருகூவுக்குப் போயிருப்பார். கடைசி சஃப்பில் ஒருவர் நிய்யத் சரியாக வரவில்லை என்று இன்னும் தக்பீருக்குக் கை உயர்த்திக்கொண்டிருப்பார். வீட்டில் அவர் கழுவிக் கழுவி விரல் இடுக்குத் தோல் வெடித்திருக்கும். தான் செய்வது மிகை என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாததுதான் அவருடைய வேதனை. அவரைப் பார்த்துச் சிரிப்பது பெரிய அநியாயம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, ஓயாமல் வந்து தொல்லைப்படுத்தும் எண்ணங்களை உள்ளத்தின் நோய்களில் ஒன்றாக வைத்து எழுதினார். துஆ மனதுக்குத் தெம்பு தரும், கட்டாயம் செய்யுங்கள். அதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம்பிக்கை: வைத்தியர்கள் மார்க்கத்தை விடச் சொல்வார்கள்.

உண்மை: மார்க்கம் வைத்த எல்லையில் நிற்கத்தான் சொல்வார்கள். மூன்று தரம் கழுவியதும் பைப்பைப் பூட்டிவிட்டு எழும்ப வேண்டும். நாலாம் தரம் கழுவச் சொல்லி நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்போடேயே தொழப் போக வேண்டும். கழுவாவிட்டாலும் பதற்றம் தணியும், தணியாவிட்டாலும் அதைத் தாங்கலாம் என்பதை அவர் அனுபவித்தே படிக்கிறார். லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் எழுதிய முறையிலிருந்து வளர்ந்தது இந்தப் பயிற்சி. சந்தேகம் உறுதியை நீக்காது என்ற ஃபிக்ஹு விதி நம் மௌலவிமார் எல்லோருக்கும் தெரியும். எல்லையை நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்க மௌலவியும் வைத்தியரும் கைகோர்த்தால் மிக நல்லது.

நம்பிக்கை: இருபது வருட நோய் நாலு நாளில் மாறுமா?

உண்மை: பலருக்கு மாறியிருக்கிறது. நோர்வேயின் பேர்கன் நகரில் ஹௌக்லண்ட் பல்கலைக்கழக வைத்தியசாலையில் கேர்ட் குவாலே, பியார்ன ஹான்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வளர்ந்தவர்களுக்காக இந்தப் பயிற்சியையே நாலு நாளில் கொடுக்கும் ஒரு சிகிச்சையை அமைத்தார்கள். முதல் நாள் நோயைப் புரியவைத்துத் தயார்படுத்துவார்கள். இரண்டாம், மூன்றாம் நாள்களில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிகிச்சையாளர் பக்கத்தில் நிற்க, பயப்படும் இடங்களிலேயே காலை முதல் மாலை வரை பயிற்சி. நாலாம் நாள், இனி வீட்டில் எப்படித் தொடர்வது என்ற திட்டம். நாலு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் சுமார் 70 சதவீதத்தினர் நோயிலிருந்து மீண்ட நிலையிலேயே இருந்தார்கள்.

இது மந்திரமல்ல. நாலு நாளுக்குப் பிறகும் பயிற்சியைத் தாமே விடாமல் செய்ய வேண்டும். எல்லோருக்கும் பலிப்பதுமில்லை. இதே பயிற்சியை வாரம் ஒரு தடவையாக, மூன்று நாலு மாதம் செய்தும் பலர் சுகமாகிறார்கள்.

நம்பிக்கை: மாத்திரை போட்டால் அதற்கு அடிமையாகிவிடுவோம்.

உண்மை: ஃப்ளூஒக்செட்டின், சேர்ட்ராலின் போன்றவை போதை தருபவை அல்ல. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். வைத்தியரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.

நம்பிக்கை: கேட்கும்போதெல்லாம் "சரி" என்று சொன்னால் ஆறுதல்தானே?

உண்மை: "உம்மா, நான் சரியாத்தானே கழுவின?" "ஓம் மகன், சரி." ஐந்து நிமிடத்தில் அதே கேள்வி திரும்ப வரும். அந்த ஆறுதல்தான் நோய்க்குத் தீனி. பாசத்தோடு, வைத்தியரின் வழிகாட்டலோடு, பதில் சொல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பணம் கட்டத் தேவையில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இதில் போகிறது என்பதை வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். போவதற்குத் தயக்கமாக இருந்தால், முதலில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு ஒரு கோல் எடுங்கள்.