கேட் ரிஜிஸ்டரும் பூட்டிய பீரோவும்

அன்புள்ள தங்கைக்கு,

வானகரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவேடுகள் உன் பொறுப்பில் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். மதுரவாயல், வேலப்பன்சாவடி என்று பூந்தமல்லி வரை நெடுஞ்சாலையோரம் எத்தனை கல்லூரிகள்! தண்ணி லாரி நம்பரை எழுதும் கேட் நோட்டிலேயே ஒரு மாணவியின் புகாரையும் பெயரோடு எழுதி வைக்கும் வழக்கம் உன் கல்லூரியிலும் இருந்தால், முதல் வேலையாக அதை நிறுத்து.

ஏன் என்பதற்கு அண்ணா பல்கலைக்கழக வழக்கு போதும். 2024 டிசம்பர் 23 இரவு கிண்டி வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். துணிந்து புகார் கொடுத்தார். அடுத்து நடந்தது கொடுமை: அவருடைய விவரங்களோடு எஃப்ஐஆர் வெளியே கசிந்தது. எஃப்ஐஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றமே, பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கும் கொடுத்திருந்தது. டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்றது. 2025 ஜூன் 2-ல் குற்றவாளிக்கு 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால், கசிந்த தாளை எந்தத் தீர்ப்பாலும் திரும்ப வாங்க முடியாது.

ஆகவே கேட் ரிஜிஸ்டரில் நேரம், இடம், என்ன வகைச் சம்பவம், ஒரு வரிசை எண் ஆகியவை மட்டும் இருக்கட்டும். பெயரும் வாக்குமூலமும் அதே எண்ணிட்ட தனிக் கோப்பில், பூட்டிய பீரோவுக்குள். சாவி யார் கையில், கோப்பை யார் எப்போது எடுத்தார்கள் என்பதற்கும் கையெழுத்து வேண்டும். பக்கத்தை போட்டோ எடுத்து சூப்பர்வைசர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதை ஒருபோதும் அனுமதிக்காதே. தப்பாக எழுதியதை ஒயிட்னர் வைத்து அழிக்காமல், ஒரே கோடு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடு. அடித்தது படிக்கத் தெரிய வேண்டும்.

மறைப்பது பாதி வேலைதான். அழியாமல் காப்பதில்தான் நம் கல்லூரிகள் அதிகம் கோட்டை விடுகின்றன. சிசிடிவி ஹார்டு டிஸ்க் நிரம்பியதும் பழைய காட்சி மேல் புதியது பதிவாகிவிடும். பல இடங்களில் ஒரு மாதம் தாங்கினாலே பெரிது. பாலியல் தொல்லை குறித்து உள்ளகப் புகார் குழுவிடம் புகார் தரச் சட்டம் தரும் அவகாசமோ மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். பயம் தெளிந்து ஒரு பெண் வரும்போது, காட்சி இல்லை என்று நாம் கையை விரிப்பதா? சின்னத் தகராறு என்று தோன்றினாலும் அன்றைக்கே அந்தக் காட்சியைத் தனியே எடுத்து வை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணுச் சாட்சியத்தோடு, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்புள்ள சான்றிதழையும் கேட்கிறது. நகல் எடுத்த உடனே அந்த மதிப்பைக் கணக்கிட்டுக் குறித்து வை.

பெயரை மறைத்தபடியே பதிவைக் காக்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் 1986-ல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். பெற்றோரின் போராட்டத்தால் 1990-ல் வந்த சட்டம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அதன்படி வளாகக் காவல் பிரிவு தினசரிக் குற்றப் பதிவேடு வைக்க வேண்டும். கடைசி 60 நாள் பதிவை யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர் பெயர் அதில் இருக்காது. ஆவணங்களை ஏழு ஆண்டு வரை வைத்திருக்கிறார்கள். இந்தச் சட்டத்தை மீறியதற்காக லிபர்ட்டி பல்கலைக்கழகம் 2024-ல் 1.4 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

உன் கல்லூரியிலும் பதிவேடுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கு. வழக்கோ விசாரணையோ நிலுவையில் உள்ள கோப்பை, கெடு முடிந்தாலும் தொடாதே. இன்னொன்று: செக்யூரிட்டி ஏஜென்சியின் ஒப்பந்தம் முடியும்போது பழைய ரிஜிஸ்டர்கள் அவர்களோடே போய்விடுவது உண்டு. கடைசி மாத பில்லுக்குக் கையெழுத்தாகும் முன், ஒவ்வொரு நோட்டையும் பக்கம் எண்ணிச் சரிபார்த்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்