நீளக் காதுக்காரன் வீட்டுக்கு வருமுன்

திருவனந்தபுரத்தில் முதன்முதலாக நாய் வாங்க நினைத்து என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் கைப்பேசியில் காட்டுகிறார்கள். தொங்கும் காது, ஈரக் கண், பத்துக் கிலோவுக்குள் எடை. காக்கர் ஸ்பேனியலுடன் ஸ்பிட்ஸோ பூடிலோ கலந்த குட்டி. “சாது, ஃபிளாட்டில் அடங்கும், வேலை குறைவு” என்று விற்கிறவர் சொல்லியிருப்பார். முதல் இரண்டும் ஓரளவு சரி. மூன்றாவது, ஆண்டில் பாதி நாள் காற்றே நனைந்து கிடக்கும் இந்த ஊரில் பொருந்தாது.

1. யாருக்காக வாங்குகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். சாஸ்தமங்கலத்திலும் பட்டத்திலும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் துபாயிலோ டொராண்டோவிலோ இருக்கிறார்கள், அம்மா தனியாக இருக்கிறார். விடுமுறைக்கு வந்த மகன் “அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும்” என்று இரண்டு மாதக் குட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறான். அதன்பின் மூட்டுவலியோடு குனிந்து மூத்திரம் துடைப்பது அம்மா. இரவில் அழும் குட்டிக்காகக் கண்விழிப்பதும் அவரே. எழுபது வயதுக்காரருக்குத் துணை வேண்டுமென்றால் குட்டி வேண்டாம். மூன்று நான்கு வயதான, வீட்டுப் பழக்கம் வந்த நாயைத் தேடுங்கள். ஊர் மாறிப் போகிறவர்கள் நல்ல நாய்களுக்கு வீடு தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த ஸ்பேனியல் கலப்பு நாய்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வாழும். அம்மாவால் முடியாத நாள் வந்தால் நாய் யாரிடம் போகும் என்பதற்கு ஒரு பெயர் கையில் இருக்க வேண்டும்.

டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் தம்பதிகளுக்கு வேறு கேள்வி. கணவனும் மனைவியும் காலை எட்டரைக்குக் கழக்கூட்டம் போய் இரவு திரும்புகிறீர்கள் என்றால், நடுவில் யார் வீட்டில்? ஸ்பேனியல் தோட்டக் காவலுக்குப் பிறந்த நாய் அல்ல, மனிதன் காலடியிலேயே கிடக்கும் நாய். நாள் முழுக்கத் தனியே விட்டால் கதவைப் பிறாண்டும், பாதத்தைப் புண்ணாகும்வரை நக்கும். பகலில் ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம் என்றே சொல்வேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

2. எதோடு எது கலந்தது என்று கேளுங்கள். கலப்பு என்றாலே நோய் வராது என்பது வியாபாரப் பேச்சு. இரு பக்கத்துக் குறைகளும் ஒரே குட்டியில் சேர்வதும் உண்டு. காக்கருக்குக் காது தொங்கும், காற்றுப் புகாது. பூடிலுக்குக் காதுத் துவாரத்துக்குள்ளேயே முடி வளரும். இரண்டும் கலந்தால் முடி அடைத்த, மூடி போட்ட காது. குளிர்நாட்டில் அது சமாளிக்கக்கூடிய தொல்லை, இங்கே ஓயாத தொல்லை. நம் ஊரில் பொமரேனியன் என்றே பெயர் வாங்கிவிட்ட இந்திய ஸ்பிட்ஸோடு கலந்த குட்டிகளில் சிலவற்றுக்குக் காது பாதி நிமிர்ந்து நிற்கும். குரைப்பு கூடுதல்தான். ஆனாலும் இந்த ஊருக்கு என் ஓட்டு அதற்கே. கவாலியர் கலப்பு என்று சொன்னால் இதயத்தைப் பற்றிக் கேளுங்கள். அந்த இனத்துக்கு வயதாக ஆக இதய வால்வு தளர்வது வெகு சாதாரணம்.

3. தாயைப் பார்க்காமல் குட்டியை எடுக்காதீர்கள். பாலத்தின் அடியில், காரின் டிக்கியில் வைத்து விற்கிறவர்களிடம் தாய் இருக்காது. ஆளைக் கண்டால் தாய் பதுங்குகிறதா, சீறுகிறதா, வாலை ஆட்டிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். குட்டியின் குணத்தில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடலாம். குட்டியின் காதைத் தூக்கி மோந்து பாருங்கள். வயிறு மட்டும் பானையாகி உடம்பு மெலிந்திருந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது.

4. வாங்கிய வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பப் போட்டு, பதினாறு வாரம்வரை கொண்டுபோவார்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். அதன்பிறகு ஆண்டுதோறும். கடைசி ஊசி முடிந்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மற்ற நாய்கள் உலவும் தெருவில் குட்டியை இறக்கிவிடாதீர்கள். மடியில் தூக்கிக்கொண்டு ஊரைக் காட்டலாம், ஆட்டோச் சத்தமும் பஸ் சத்தமும் பழகட்டும்.

5. காது. இதை நிதானமாகப் படியுங்கள். ஸ்பேனியல் வளர்க்கிறவர்கள் மருத்துவரிடம் திரும்பத் திரும்பப் போவது இதற்காகத்தான்.

நாயின் காதுக்குழாய் நேராகக் கீழே இறங்கிப் பிறகு உள்நோக்கித் திரும்புகிறது. மேலே மடல் மூடியிருக்கிறது. உள்ளே சூடு, ஈரம், மெழுகு. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? வாரம் இருமுறை மடலைத் தூக்கிப் பாருங்கள். வெளிர் இளஞ்சிவப்பாக, வாடையில்லாமல் இருந்தால் தொடவே வேண்டாம். புளித்துப்போன தோசை மாவு வாடை வந்தால், பழுப்பாகக் கசிந்தால், நாய் தலையைச் சாய்த்து உதறினால் மறுநாளே காட்டுங்கள். உதறிக்கொண்டே இருந்தால் மடலுக்குள் ரத்தநாளம் உடைந்து மடல் பலூனாக வீங்கும். பிறகு அறுவைச் சிகிச்சைவரை போகலாம்.

காதுக்குள் தேங்காய் எண்ணெய் காய்ச்சி விடுவது, பூண்டுச் சாறு விடுவது, பஞ்சு சுற்றிய குச்சியால் குடைவது மூன்றும் கூடாது. எண்ணெய் ஈரத்தை உள்ளேயே பூட்டும். குச்சி அழுக்கை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். மருத்துவர் எழுதித் தரும் காது கழுவும் திரவத்தை ஊற்றி, காதின் அடிப்பகுதியைச் சளசளவென்று சத்தம் கேட்கும்படி பிசைந்து, நாயை உதறவிட்டு, வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடையுங்கள். மடலின் உட்புற முடியைக் குட்டையாகக் கத்தரிக்கச் சொல்லுங்கள். சாப்பிடும்போது காது கிண்ணத்தில் தோயாமல் இருக்க, பழைய காலுறையின் நுனியை வெட்டித் தலையில் மாட்டிவிடலாம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை.

6. குளிப்பாட்டுவதை விட உலர்த்துவது முக்கியம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை குளியல் போதும். ஜூன் முதல் மழை, அது ஓய்ந்ததும் துலா மழை. அந்த மாதங்களில் நடை முடிந்து வரும் ஒவ்வொரு முறையும் வயிறு, அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றைத் துவாலையால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்குக் கீழே சீப்பால் வாருங்கள். முடி சிக்கினால் அடியில் ஈரம் நிற்கும், இரண்டே நாளில் தோல் சிவந்து கசியும். கோடையில் மொட்டையடிக்காதீர்கள், கத்தரித்துக் குறைத்தால் போதும். மார்ச், ஏப்ரலில் நடை காலை ஏழுக்குள் முடியட்டும்.

7. புதரிலிருந்து பறவையைக் கிளப்பிவிடப் பழக்கிய பரம்பரை இது. மூக்கு தரையிலேயே இருக்கும், குட்டையைக் கண்டால் இறங்கும். தம்பானூரிலும் சாலைக் கடைத்தெருவிலும் ஒரு பெருமழைக்கே தண்ணீர் கட்டுகிறது. அதில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரலாம். தேங்கிய நீரில் இறக்காதீர்கள், குடிக்க விடாதீர்கள். மழை இரவில் தேரையைக் கவ்வினால் நுரை தள்ளும். தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் உள்ளே போகாமல் வாயைப் பக்கவாட்டில் கழுவிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

8. உண்ணியை நாய்மேல் மட்டும் தேடாதீர்கள். இங்கே காணும் பழுப்பு உண்ணி முட்டையிடுவது சுவர் வெடிப்பில், கதவுச் சட்டத்தில். நாய்மேல் பத்து இருந்தால் வீட்டுக்குள் பல மடங்கு இருக்கும். நீளக் காதின் உள்மடிப்பு அவற்றுக்குப் பிடித்த இடம். எடைக்கேற்ற மாத்திரையை மருத்துவர் தருவார். மாட்டுக்குத் தெளிக்கும் மருந்தைக் கண்ணளவில் கலந்து குட்டிமேல் ஊற்ற வேண்டாம். சாப்பாட்டை ஒதுக்கினால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலா என்று ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும். டாக்ஸிசைக்ளின் எழுதினால் வழக்கமாக 28 நாள். ஐந்தாம் நாள் துள்ளிக் குதிக்கிறதே என்று நிறுத்துகிறவர்களிடம் நோய் திரும்பி வருகிறது. கொசு பரப்பும் புழுவும் இங்கே உண்டு, அதற்கான தடுப்பு மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

9. கரமனை, கோட்டைப் பக்கத்து அக்ரஹார வீடுகளில் தயிர்சாதத்திலேயே வளர்ந்த நாய்களைக் கண்டிருக்கிறேன். வயிறு நிறையும், உடம்பு தேறாது. சைவ வீடு என்றால் முட்டையாவது கொடுங்கள், அதுவும் முடியாதென்றால் சத்துச் சமன் செய்த கடைத் தீனியை வாங்குங்கள். மீன் கொடுப்பவர்கள் வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள், குழம்பில் கிடந்த துண்டு வேண்டாம், அதில் வெங்காயம் இருக்கும். ஓணத்தன்று பாயசக் கிண்ணத்தை நக்கவிடாதீர்கள். உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். கெஞ்சும் பார்வையை நம்பினால் ஒரே ஆண்டில் பீப்பாயாகிவிடும்.

10. வெளியே போனால் கயிறு எப்போதும் கையில். 2021 ஜூனில் அடிமலத்துறைக் கடற்கரையில், படகின் அடியில் படுத்திருந்த புரூனோ என்ற லாப்ரடாரைச் சிலர் அடித்துக் கொன்றார்கள். கேரள உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, அந்த வழக்குக்குப் புரூனோவின் பெயரையே வைத்தது. வீட்டு நாய்களை உள்ளாட்சி அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும் என்ற உத்தரவும் அதில் வந்ததுதான். மாநகராட்சி உரிமம் பெற வெறிநோய் ஊசிச் சான்று வேண்டும், மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தெருநாய்க் கூட்டம் சூழ்ந்தால் உங்கள் நாயைத் தலைக்கு மேலே தூக்காதீர்கள், அவை உங்கள்மேல் பாயும். குடையைச் சட்டென்று விரித்து நடுவே பிடித்து மெல்லப் பின்வாங்குங்கள். நம் ஊரில் குடை இல்லாமல் யார் வெளியே போகிறார்கள்? எந்த நாய் கடித்தாலும், உங்கள் நாயே கடித்தாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

11. ஃபிளாட் சங்கம் நாய் கூடாதென்று பலகை வைத்தால் பயப்பட வேண்டாம். அப்படித் தடை போடுவது செல்லாது என்று 2021 நவம்பரில் இதே உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் லிஃப்டில் மூத்திரம் போனால் துடைக்க வேண்டியது நீங்கள்.

12. ஆற்றுக்கால் பொங்காலை நாளில் விடியுமுன் நாயை நடத்திக் கொண்டுவந்து விடுங்கள். பிறகு தெருவெல்லாம் அடுப்பு, புகை, ஒலிபெருக்கி, சூடான சாம்பல். சன்னலைச் சாத்தி உள்ளறையில் வையுங்கள், கூட ஒருவர் இருக்கட்டும். வெடி வெடிக்கும் விஷுவுக்கும் தீபாவளிக்கும் இதே ஏற்பாடுதான்.

13. ஏழு வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு இருமுறை இதயத்தையும் கண்ணையும் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நாய் அசந்து தூங்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். முப்பதைத் தாண்டுவது வழக்கமானால், இருமலும் சேர்ந்தால், தள்ளிப்போடாதீர்கள். அதன் எடை, ஊசி போட்ட தேதிகள், சாப்பிடும் மருந்து, இரவிலும் எடுக்கும் மருத்துவரின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இன்னொரு படியைப் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் சாவியோடு கொடுத்து வையுங்கள்.