கைத்தழும்பும் புற்றுநோயும்

தோழியரே, நம்மில் பலருக்கு இடது கையின் மேற்புறத்தில் சிறு தழும்பு ஒன்று இருக்கிறதல்லவா? குழந்தையாய் இருக்கையில் காசநோயைத் தடுக்கப் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. அதே மருந்து சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் மருந்தாகிறது. எப்படி?

நம் வெள்ளை அணுக்கள் சிலவற்றின் மீது 'ஏற்பிகள்' என்னும் புரதங்கள் பிறவியிலேயே அமைந்துள்ளன. கிருமியின் மேலுறைப் பொருள், பூட்டில் சாவி பொருந்துவது போல் இவற்றில் பொருந்தியதும் அணு விழித்துக்கொண்டு மற்ற அணுக்களையும் அழைக்கிறது. புற்றுநோய் அணுவோ அந்நியன் அன்று. நெறி தவறிய நம் சொந்த அணு. ஆகவே பல வேளைகளில் காவலர் அதைக் கண்டும் காணாதிருந்து விடுகின்றனர்.

1890இல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற இளம் மருத்துவரிடம் 17 வயதுப் பெண் ஒருத்தி கையில் புற்றுநோயுடன் வந்தாள். நம்மைவிட இரண்டே வயது மூத்தவள்! கையை அகற்றியும் சில மாதங்களில் இறந்தாள். மனம் கலங்கிய கோலி மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டினார். கழுத்தில் கட்டியிருந்த ஒருவருக்குத் தோலில் கிருமித்தொற்றும் கடுங்காய்ச்சலும் கண்டபின் கட்டியே மறைந்ததாக ஒரு குறிப்பு இருந்தது. அம்மனிதரைத் தேடிப் பிடித்தார். அவர் நலமாக இருந்தார்! 1891 முதல் கோலி தம் நோயாளிகளுக்குக் கிருமிகளையும், பின்னர் கொன்ற கிருமிகளையும் ஊசி மூலம் செலுத்தினார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. காரணம் விளங்காததாலும் கதிர்ச் சிகிச்சை வந்ததாலும் அம்முறை மறக்கப்பட்டது.

விடை கிடைத்தது ஒரு பழ ஈயிடம்! 'டோல்' என்னும் ஏற்பி பழுதுபட்ட ஈக்கள் பூஞ்சைத் தொற்றால் மடிவதை 1996இல் பிரான்சில் ஹாஃப்மன் குழுவினர் கண்டனர். அதைப் போன்ற ஏற்பி எலிகளில் கிருமியின் நச்சை உணர்வதை 1998இல் அமெரிக்காவில் பாய்ட்லர் குழுவினர் காட்டினர். 2011இல் இருவரும் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

கனடாவில் 1976இலேயே மொராலஸ் என்ற மருத்துவர், சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளர் ஒன்பது பேருக்கு பி.சி.ஜி. அளித்த செய்தியை வெளியிட்டிருந்தார். கட்டியை அகற்றியபின், உயிருள்ள அந்த வலுவிழந்த கிருமிகளைக் குழாய் வழியே சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள். ஏற்பிகள் அவற்றை உணர, திரண்டு வரும் வெள்ளை அணுக்கள் எஞ்சிய புற்றணுக்களையும் தாக்குகின்றன. தொடக்க நிலை நோய்க்கு இன்றும் இதுவே முதன்மையான மருந்துகளுள் ஒன்று.

எனினும் ஏற்பிகளை ஓயாமல் தூண்டுவதும் ஆபத்தே. இரைப்பையில் ஹெலிகோபேக்டர் என்னும் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கினால், தீராத அழற்சியே அங்குப் புற்றுநோய்க்கு வழி செய்துவிடலாம்.