ஜவ்வரிசிக்குள் ஒரு சங்கிலி

சேலத்திலிருந்து இராசிபுரம், நாமக்கல் செல்லும் வழியில், களங்களில் வெள்ளை வெளேரென்று காயும் ஜவ்வரிசியைக் காணாதவர் இலர். என் தந்தையார் ஓர் ஆலையில் ஜவ்வரிசி வறுப்பவர். ஒருநாள் ஈரம் மிகுந்த மாவு சூடான தகட்டில் களியாகிவிட, அன்றைய கூலி பிடிக்கப்பட்டது. காரணம் கேட்டேன். "தண்ணியும் சூடும் ஒண்ணாக் கெடச்சா மாவு அடங்கி நிக்காது கண்ணு" என்றார்.

அவர் கூற்றின் உண்மையை வேதியியல் வகுப்பில் உணர்ந்தேன். குச்சிக்கிழங்கு மாவு ஒரு பலபடி. குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. கிளையில்லாச் சங்கிலி அமைலோஸ், கிளைத்தது அமைலோபெக்டின். கட்டற்ற சங்கிலி நீரில் எண்ணற்ற வடிவங்களில் சுருளும். அதனைக் கணக்கிட்டு ஆராய்ந்த பால் ஃபுளோரி 1974-இல் நோபல் பரிசு பெற்றார்.

மாவுத் துகளிலோ இடம் மிகக் குறைவு. அதன் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே. அந்நெருக்கத்தில் அமைலோபெக்டினின் அண்டைக் கிளைகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு அடுக்கடுக்காக நிற்கின்றன. ஆகவே குளிர்ந்த நீரில் மாவு கரையாது, அடியில் படியும். ஆலைத் தொட்டியில் மாவைப் பிரிப்பது இப்பண்பினால்தான்.

ஈரத்துடன் வெப்பம் 60 முதல் 70 பாகை செல்சியசை எட்டினால், நீர் உட்புகுந்து துகள் உப்பும், முறுக்கு அவிழும், மாவு பசையாகும். வறுக்கும்போது மணியின் மேற்புறத் துகள்கள் மட்டும் இவ்வாறு பசையாகி, மணியைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் முழுதும் களியே!

மாணவ நண்பர்களே, ஓர் எளிய சோதனை. கஞ்சித் தெளிவில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். அமைலோஸ் சுற்றுக்கு ஆறு குளுக்கோஸாகச் சுருள, அதன் குழலுக்குள் அயோடின் வரிசையாக அடைபடும், நீலம் தோன்றும். சூடாக்குங்கள், சுருள் அவிழ்ந்து நீலம் மறையும். ஆறவிடுங்கள், நீலம் திரும்பும். வெப்பத்திற்கேற்பச் சங்கிலி ஒழுங்கு குலைவதையும் மீள்வதையும் கண்ணாலேயே காணலாம்.

1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 2023-இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. அப்பெருமையில், வெப்பமானி இன்றிக் கைப்பக்குவத்தால் பதமறிந்த தொழிலாளர்க்கும் பங்குண்டு. தந்தையாரிடம் இப்பாடத்தைச் சொன்னேன். "நான் சொன்னதுதானே!" என்று சிரித்தார்.