நிறம் போனால் நஞ்சும் போய்விடுமா?

வினைவேக மாற்றி பாடத்தில் திருப்பூர் சாயக் கழிவுநீரையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். காட்டுவது 1894-இல் ஃபென்டன் வெளியிட்ட வினை. அசோ சாயம் கலந்த நீரின் பி.எச். மதிப்பை 3 அளவுக்குக் குறைத்து, சிறிது பெர்ரஸ் சல்பேட்டும் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்க்கிறேன் (கையுறை, கண்ணாடி கட்டாயம்). பெர்ரஸ் அயனி பெராக்சைடைப் பிளக்கிறது. உருவாகும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு சாய மூலக்கூறைத் தாக்குகிறது. பெர்ரிக்காக மாறிய இரும்பு மெதுவாக மீண்டும் பெர்ரஸ் ஆவதால்தான் அது வினைவேக மாற்றி.

நிறம் மறைந்ததும் வகுப்பு கைதட்டும். உண்மையான பாடம் அதற்குப் பிறகுதான். முதலில் உடைவது நிறம் தரும் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு. பென்சீன் வளையத் துண்டுகள் நிறமின்றி நீரிலேயே தங்கியிருக்கலாம். கண்ணை நம்பாமல் வேதி ஆக்சிஜன் தேவையை அளக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பால் நடுநிலையாக்கினால் பழுப்பு நிற இரும்புக் கசடு படியும். அதை எங்கே கொட்டுவது என்று மாணவர்களிடமே கேட்கிறேன்.